ஜொவான்னி செகன்டினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய நிலக்காட்சி ஓவியம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது கனலெட்டோவும் அவருடைய வெனிஸ் கால்வாய்களும்தான். அதற்கு அடுத்து யார் என்று கேட்டால் நான் சொல்லும் பெயர் ஜொவான்னி செகன்டினி. ஆல்ப்ஸ் மலையின் வெளிச்சத்தை இவரளவுக்கு யாரும் வரைந்ததில்லை என்பது என் கட்சி. அவரைப் பற்றி நண்பர்கள் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த செகன்டினி? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1858 ஜனவரி 15-இல் ஆர்கோ என்ற ஊரில் பிறந்தார். 1899 செப்டம்பர் 28-இல், 41 வயதில், ஒரு மலைக்குடிசையில் இறந்தார். மேய்ச்சல் நிலம், ஆடு மாடு, பனிச்சிகரம், அங்கே உழைக்கும் மனிதர்கள் ஆகியவையே அவர் வரைந்தவை. வண்ணங்களைக் குழைக்காமல் பிரித்து வைக்கும், இத்தாலியில் 'டிவிஷனிசம்' என்று அழைக்கப்பட்ட ஓவிய முறையின் முன்னோடிகளில் ஒருவர்.

இத்தாலியரா, ஆஸ்திரியரா, சுவிஸ்காரரா? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறார்களே?

மூன்று நாட்டுக்காரர்களும் உரிமை கொண்டாடுவதால் வந்த குழப்பம் இது. சட்டப்படி பார்த்தால் அவர் எந்த நாட்டவரும் இல்லை.

அவர் பிறந்த ஆர்கோ இன்று இத்தாலியில், கார்தா ஏரிக்கு வடக்கே இருக்கிறது. 1858-இல் அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. பெற்றோரை இழந்த பிறகு மிலானில் அவரைக் கவனித்துக்கொண்ட, தந்தையின் முந்தைய திருமணத்தில் பிறந்த அக்கா இரேனே, குடும்பத்தின் ஆஸ்திரியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதிலாக இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. அந்த ஒரு விடுபடல் செகன்டினியைச் சாகும்வரை துரத்தியது. பாஸ்போர்ட் கிடையாது, சட்டப்படி திருமணம் செய்துகொள்ள வழியில்லை. பின்னாளில் சுவிட்சர்லாந்தில் குடியேறிய பிறகு, தன் ஓவியங்கள் பரிசு வாங்கும் கண்காட்சிகளுக்குக்கூட அவரால் நினைத்தபோது போய்வர முடியவில்லை.

அவருடைய மொழி, பயிற்சி, ஓவிய உலகத் தொடர்புகள் எல்லாம் மிலானைச் சேர்ந்தவை. அதனால் இத்தாலிய ஓவியர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பெயரிலும் ஒரு சின்ன மாற்றம் உண்டு. குடும்பப் பெயர் 'செகதினி'. நடுவில் ஒரு 'ன்' சேர்த்துக்கொண்டது அவரே.

சிறுவயது மிகவும் கஷ்டமாக இருந்ததாமே?

ஆம். தாய் மார்கெரித்தா நோயாளி. 1865-இல், பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். தந்தை அகோஸ்தினோ பையனை மிலானுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இரேனேயிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டு அவரும் இறந்தார். அக்கா பகல் முழுக்க வேலைக்குப் போய்விடுவார். பையன் தனியாகக் கிடந்தான், ஓடிப்போனான், தெருவில் திரிந்தான். 1870-இல் போலீஸ் பிடித்து மார்கியோந்தி சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்தது. அங்கே அவனுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் செருப்புத் தைப்பது. அங்கிருந்தும் ஒருமுறை தப்பி ஓடிப் பிடிபட்டான்.

1873-இல், தந்தையின் முந்தைய திருமணத்தில் பிறந்த அண்ணன் நாப்போலியோனே அழைத்துக்கொண்டு போனார். அவர் போர்கோ வல்சுகானா என்ற ஊரில் புகைப்பட நிலையம் வைத்திருந்தவர். பிற்காலத்தில் செகன்டினியே தன் இளமையைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கதை கட்டியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். படித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அனாதையாகத் திரிந்ததும் சீர்திருத்தப் பள்ளியும் கதையல்ல.

ஓவியம் எங்கே கற்றார்?

மிலானில் தெத்தமான்சி என்ற அலங்கார ஓவியரிடம் கொடிகளும் திரைச்சீலைகளும் வரையும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, 1875 முதல் பிரேரா கலைக்கழகத்தில் மாலை வகுப்புகளுக்குப் போனார். 1879-இல் வரைந்த 'சந்த் அந்தோனியோ தேவாலயப் பாடகர் அரங்கு' அவரைக் கவனிக்க வைத்தது. ஜன்னல் வழியாக உள்ளே விழும் வெளிச்சத்தைத் தவிர அந்த ஓவியத்தில் பெரிதாக எதுவும் நடக்காது. இருபத்தோரு வயதிலேயே ஆளுக்கு எதில் நாட்டம் என்பது அதில் தெரிந்துவிட்டது.

அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டுத்தான் வித்தோரே க்ரூபிசி என்ற கலை வணிகர் அவரைத் தேடி வந்தார். வித்தோரேவும் தம்பி ஆல்பெர்த்தோவும் நடத்திய காலரி, மாதாமாதம் பணம் கொடுத்து வரைவதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அவரைப் பிடித்துப்போட்டது. சோற்றுக்குக் கவலையில்லாமல் வரைய முடிந்தது உண்மை. கணக்கு வழக்கில் யாருக்கு லாபம் என்ற மனத்தாங்கல் கடைசிவரை இருந்ததும் உண்மை.

புகாட்டி கார் கம்பெனிக்கும் இவருக்கும் சொந்தம் என்கிறார்களே?

உண்மைதான். அவருடைய துணைவி பீச்சே புகாட்டி. பீச்சேயின் அண்ணன் கார்லோ, புகழ்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர். கார்லோவின் மகன் எத்தோரேதான் பின்னாளில் கார் தயாரித்தவர். அதாவது எத்தோரேவுக்கு பீச்சே சொந்த அத்தை, செகன்டினி மாமா முறை.

பீச்சேயும் அவரும் 1881 முதல் சேர்ந்து வாழ்ந்தார்கள். நாலு பிள்ளைகள்: கொத்தார்தோ, ஆல்பெர்த்தோ, மாரியோ, பியான்கா. கடைசிவரை திருமணப் பதிவு இல்லை. காரணம் மேலே சொன்ன அதே குடியுரிமைச் சிக்கல்.

மிலானை விட்டுவிட்டு மலைக்கு ஏன் போனார்?

ஒரே தாவலில் போகவில்லை. படிப்படியாக ஏறினார். 1881-இல் மிலானுக்கு வடக்கே பிரியான்சா பகுதியில், பூசியானோ ஏரிக்கரையில் தங்கினார். 1886-இல் சுவிஸ் மலைக் கிராமமான சவோஞின். அது ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 1894-இல் எங்கடின் பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும் மலோயா, 1,815 மீட்டர். இறந்தது 2,731 மீட்டரில். வீடு மாற்றியபோதெல்லாம் உயரம் கூடிக்கொண்டே போனது.

மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகி, தூரத்துப் பாறைகூடக் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் துல்லியமாகத் தெரியும். அந்த வெளிச்சம்தான் அவரை இழுத்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கடனும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சவோஞினில் வரிப் பாக்கி ஏறிப்போய்த்தான் கிளம்பினார். நன்றாகச் சம்பாதித்தார், அதைவிட நன்றாகச் செலவழித்தார். பெரிய வீடு, நல்ல உடை, நல்ல சாப்பாடு என்று ராஜா மாதிரி வாழ்க்கை.

டிவிஷனிசம் என்றால் என்ன? பிரெஞ்சுக்காரர்களின் புள்ளி ஓவியம்தானே?

அடிப்படை ஒன்று, செய்முறை வேறு. இரண்டு வண்ணங்களைத் தட்டில் குழைத்தால் பொலிவு குறையும். குழைக்காமல் துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவரின் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும், வெளிச்சம் மங்காது. ஒளியியல் சார்ந்த இந்த எண்ணத்தைப் பிரான்சில் ஜோர்ஜ் சேரா புள்ளிகளாகச் செய்தார். செகன்டினி கோடுகளாகச் செய்தார்.

அவர் பாரிஸுக்குப் போய்ப் பார்த்துக் கற்றவர் அல்ல. வித்தோரே க்ரூபிசி சவோஞினுக்கு வந்து, வெளிநாடுகளில் வண்ணத்தைப் பிரித்து வைக்கும் புது முறை ஒன்று கிளம்பியிருக்கிறது என்று விளக்கி, பழைய ஓவியம் ஒன்றை அந்த முறையில் திரும்ப வரைந்து பார்க்கச் சொன்னார். அந்த ஓவியம் 'படகில் ஆவே மரியா'. ஆட்டுமந்தையோடு ஏரியைக் கடக்கும் ஒரு படகு. துடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்திருக்கும் ஆண், குழந்தையை அணைத்தபடி ஒரு பெண், பின்னால் கரையில் ஒரு தேவாலய மணிக்கூண்டு, அதன் பின்னே இறங்கும் சூரியன். 1882-இல் வரைந்த முதல் வடிவம் ஆம்ஸ்டர்டாமில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1886-இல் வரைந்த இரண்டாவது வடிவத்தில் காட்சி அதேதான். வானம் மட்டும் வேறு. சூரியனைச் சுற்றி வளையம் வளையமாக, மெல்லிய கோடுகளால் வானம் முழுவதும் பரவுகிறது வெளிச்சம். இத்தாலிய டிவிஷனிசம் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. கயெத்தானோ ப்ரெவியாத்தி, பெல்லிட்சா தா வொல்பேதோ போன்றவர்கள் அதே முறையை வேறு வேறு பக்கம் கொண்டுபோனார்கள்.

செய்முறையை அவரே எழுதி வைத்திருக்கிறார். முதலில் துணி முழுவதும் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு. அதன் மேல் மெல்லிய, ஆனால் வண்ணம் தடிப்பாக நிற்கும் கோடுகளை இடைவெளி விட்டு இழுப்பார். முதல் வண்ணம் ஈரம் காய்வதற்குள் அந்த இடைவெளியில் அதன் எதிர் வண்ணத்தை நிரப்புவார். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் புல்வெளியில் பச்சை பாதிதான். மீதி மஞ்சளும் சிவப்பும் ஊதாவும். கோடுகள் போகும் திசையையும் கவனிக்க வேண்டும். புல்லில் அவை முளைப்பதுபோல மேல்நோக்கிப் போகும். ஆட்டின் முதுகில் ரோமம் போகும் போக்கில் வளையும். சில ஓவியங்களில் தங்கம், வெள்ளித் தூளையும் வண்ணத்தின் ஊடே வைத்திருக்கிறார். ஒரு சதுர அடி புல்தரைக்கு எத்தனை ஆயிரம் கோடு என்று யோசித்தால் தலை சுற்றும்.

இவ்வளவு பெரிய ஓவியங்களை உண்மையிலேயே வெளியில் நின்றுதான் வரைந்தாரா?

ஆம். சின்னதாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் பெரிதாக வரைவதுதான் அந்தக் காலத்து வழக்கம். செகன்டினி பெரிய துணியையே காட்சி இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். மழை பனியில் நனையாமல் இருக்க மரப்பெட்டி மாதிரி ஒரு கூடு அடித்து, ஓவியத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவார். மறுநாள் அதே வெளிச்சம் வரும் நேரத்துக்குப் போய்த் தொடர்வார். பனிக்காலத்திலும் இது நடந்தது. மலோயாவின் குளிர் தாங்க முடியாதபோது குடும்பத்தோடு கொஞ்சம் கீழே சோலியோ கிராமத்தில் போய்த் தங்குவார், அங்கேயும் வரைவார்.

நீல உடையில் அடிக்கடி வரும் அந்தப் பெண் யார்?

பாபா என்று வீட்டில் அழைக்கப்பட்ட பார்பரா ஊஃபர். சவோஞினில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவர்; பிறகு அவருடைய முக்கிய மாடல் ஆனார். ஆடு மேய்ப்பவள், கிணற்றடியில் நீர் குடிப்பவள், தொழுவத்தில் குழந்தையோடு தூங்குபவள் எல்லாம் பெரும்பாலும் இவர்தான். செகன்டினிக்குச் சரளமாகப் படிக்க வராது என்பதால், அவர் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் காட்டியதும் பாபாதான். மலோயாவுக்கும் கூடவே போனார். கடைசி நாட்களில் மலைக்குடிசையிலும் இருந்தார்.

நெட்டில் தேடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காலண்டர் படம் மாதிரி இருக்கிறதே?

இந்தப் புகார் நியாயமானது. திரையில் சுருங்கும்போது அந்தக் கோடுகள் எல்லாம் கரைந்து ஒரே வண்ணமாகிவிடுகின்றன. மிஞ்சுவது நீல வானம், பனிமலை, ஒரு பெண், நாலு ஆடு. அதைக் காலண்டர் என்று சொல்லாமல் என்ன சொல்வது?

ஒரு வழி இருக்கிறது. 1891-இல் வரைந்த 'ஆல்ப்ஸில் நண்பகல்' ஓவியத்தின் பெரிய கோப்பைத் திறந்து, முழுப் படத்தையும் பார்க்காமல் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பாபா வைக்கோல் தொப்பியின் விளிம்பைப் பிடித்தபடி கோலோடு நிற்கிறார். வெயில் உச்சியில். அவர் காலடியில் இருக்கும் புல்லைப் பாருங்கள்: காய்ந்த மஞ்சள், அதற்குள் இளம்பச்சை, நிழல் விழும் இடத்தில் நீலம். கறுப்பு எங்கேயும் இல்லை. நண்பகல் வெயிலை வரைவதுதான் நிலக்காட்சியில் மிகவும் கடினம்; நிழல் சுருங்கிவிடும், எல்லாம் வெளிறிப்போகும். காலை மாலைப் பொன்வெயிலுக்குள் ஒளிந்துகொள்ளாமல் அதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார் என்பதற்காகவே, அவர் வரைந்த எல்லாவற்றிலும் இதை முதலில் வைப்பேன். மூன்று ஓவியங்கள் சேர்ந்த அவருடைய புகழ்பெற்ற முக்கூட்டு ஓவியத்திலிருந்து (அதைப் பற்றிக் கீழே) தொடங்க வேண்டாம், இதிலிருந்து தொடங்குங்கள்.

'தீய தாய்மார்' ஓவியத்துக்கு இந்தியத் தொடர்பு இருப்பதாகப் படித்தேன். உண்மையா?

பாதி. 1890-களில் செகன்டினி குறியீட்டு ஓவியங்களின் பக்கம் போனார். 'சிற்றின்பத்தின் தண்டனை' (1891), 'தீய தாய்மார்' (1894) இரண்டும் அந்த வரிசை. தாய்மையைப் புறக்கணித்த பெண்களின் ஆன்மாக்கள் பனிவெளியில் மிதந்து அலைகின்றன. பட்டமரத்தின் கிளையில் ஒரு பெண்ணின் கூந்தல் சிக்கியிருக்கிறது, மார்பருகே குழந்தையின் தலை. இதற்கு மூலம் 'நிர்வாணா' என்ற கவிதை. எழுதியவர் லூய்ஜி இல்லிகா; பின்னாளில் புச்சினியின் 'லா போயெம்', 'டோஸ்கா' இசைநாடகங்களுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர். அவர் தன் கவிதையை இந்திய நூல் ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக்கொண்டார். பௌத்தத்தில் நிர்வாணம் என்பது என்ன, இந்தப் பனி நரகம் என்ன! கீழை நாட்டு ஞானம் என்று சொன்னால் ஐரோப்பாவில் எதுவும் விலைபோன காலம் அது.

தாயை ஏழு வயதில் இழந்தவர் தாய்மார்களைத் தண்டித்து வரைகிறார் என்றால் உளவியலாளர்கள் சும்மா இருப்பார்களா? ஃப்ராய்டின் சீடர் கார்ல் ஆபிரகாம் 1911-இல் செகன்டினியைப் பற்றித் தனி நூலே எழுதினார். எனக்கு இந்த ஓவியங்களின் கருத்து பிடிக்கவில்லை. பெண்களுக்கு உபதேசம் செய்கிற தொனி உறுத்துகிறது. பின்னணியில் இருக்கும் அந்தப் பனிவெளி மட்டும் அபாரம். தாய்மையைப் பற்றி அவர் வரைந்ததில் உருப்படியானது 1889-இன் 'இரண்டு தாய்மார்'. இருட்டுத் தொழுவம், தொங்கும் ஒரு லாந்தர், பசுவும் கன்றும், பக்கத்தில் முக்காலியில் குழந்தையை மடியில் வைத்துத் தூங்கிவிழும் பெண். உபதேசம் எதுவும் இல்லை.

பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஏதோ பெரிய திட்டம் போட்டாராமே?

1900-இல் பாரிஸில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு எங்கடின் பள்ளத்தாக்கையே கொண்டுபோய் வைக்க ஆசைப்பட்டார். வட்ட வடிவக் கட்டடம். சுற்றளவு 200 மீட்டருக்கு மேல். உட்சுவர் முழுக்க ஓவியம், நடுவில் நிற்பவருக்கு மலைமேல் நிற்கும் உணர்வு வர வேண்டும். ஓடும் தண்ணீர், மாட்டு மணியோசை, குளிர்ந்த காற்று எல்லாம் கணக்கில் இருந்தன. செலவு ஏற்க முன்வந்தவர்கள் அந்த வட்டார ஹோட்டல் முதலாளிகள். சுற்றுலாவுக்கு நல்ல விளம்பரம் ஆயிற்றே. மதிப்பீடு எகிறியதும் பின்வாங்கிவிட்டார்கள். அது கைவிடப்பட்டதே நல்லது என்று நினைக்கிறேன். நடந்திருந்தால் ஒரு தீம் பார்க் கிடைத்திருக்கும்.

அதற்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டதுதான் முக்கூட்டு ஓவியம்: 'வாழ்வு', 'இயற்கை', 'மரணம்'. நடுவில் உள்ள 'இயற்கை' ஏறத்தாழ 4 மீட்டர் அகலம். அதில் பெரும்பகுதி வானம். சூரியன் இறங்கிய பின் மலைவிளிம்பில் மிஞ்சும் வெளிச்சம், கீழே பாதையில் மாடுகளோடு வீடு திரும்பும் இரண்டு பேர். 'வாழ்வில்' ஒரு மரத்தடியில் தாயும் பிள்ளையும். 'மரணத்தில்' பனி மூடிய மலோயா. வீட்டிலிருந்து சடலத்தை வெளியே எடுக்கிறார்கள், குதிரை பூட்டிய சறுக்குவண்டி காத்திருக்கிறது, மலைக்கு மேலே ஒரு பிரமாண்ட மேகம். மூன்றும் முழுதாக முடியவில்லை.

எப்படி இறந்தார்?

'இயற்கை' ஓவியத்தைத் தொடர்வதற்காக 1899 செப்டம்பரில், பொன்ட்ரெசினாவுக்கு மேலே இருக்கும் ஷாஃப்பெர்க் மலைக்கு மகன் மாரியோவோடும் பாபாவோடும் ஏறினார். அங்கே கடும் வயிற்றுவலி. குடல்வால் அழற்சி முற்றி வயிற்றுறை முழுவதும் பரவிவிட்டது. நண்பரான டாக்டர் ஓஸ்கார் பெர்ன்ஹார்ட் மேலே ஏறிவந்து பார்த்தும் பலனில்லை. கீழே இறக்கவும் முடியவில்லை. பத்து நாளில் எல்லாம் முடிந்தது. "என் மலைகளைப் பார்க்க வேண்டும்" என்றார் என்பது அவருடைய கடைசிச் சொற்களாகச் சொல்லப்படுவது. 1971-இல் ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸ் தன் படைப்பு ஒன்றுக்கு இதையே தலைப்பாக வைத்தார். அடக்கம் மலோயாவில். மரணப் படுக்கையில் அவரை வரைந்தவர் நண்பர் ஜொவான்னி ஜாகொமெத்தி, சிற்பி ஆல்பெர்த்தோ ஜாகொமெத்தியின் தந்தை.

அவ்வளவு புகழ்பெற்றவர் என்றால் இன்று ஏன் பலருக்குத் தெரியவில்லை?

இருந்த காலத்தில் வியன்னா, பெர்லின், மிலான் எங்கும் அவர் பெரிய பெயர். 1895-இல் முதல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கினார். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி 1911-இல் தன் நூலில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கலை வரலாறு என்பதே பாரிஸ் கதையாகச் சுருங்கிவிட்டது. அந்தக் கதையில் இடமில்லாதவர்கள் அடிக்குறிப்பானார்கள். ஓவியங்கள் சின்ன ஊர்களிலும் பல நாடுகளிலும் சிதறிக் கிடப்பதும் ஒரு காரணம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

முதலிடம் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் உள்ள செகன்டினி அருங்காட்சியகம். 1908-இல் நிக்கோலாஸ் ஹார்ட்மன் கட்டியது. கைவிடப்பட்ட பாரிஸ் மண்டபத்தை நினைவூட்டும் குவிமாடம் உண்டு. முக்கூட்டு ஓவியம் அதன் கீழேதான் இருக்கிறது. 'ஆல்ப்ஸில் நண்பகல்' அங்கேயே.

மிலான் போகிறவர்கள் நவீன ஓவியக் காலரியில் 'இரண்டு தாய்மார்' பார்க்கலாம். அங்கேயே பிரேரா காலரியில் 'வசந்தகால மேய்ச்சல்'. ரோமில் தேசிய நவீனக் கலைக் காலரியில், வரிசையாகக் கட்டிய மாடுகளை வரைந்த மிகப் பெரிய ஓவியம் ஒன்று உண்டு. 'தீய தாய்மார்' வியன்னா பெல்வெதேரேயில், 'சிற்றின்பத்தின் தண்டனை' லிவர்பூல் வாக்கர் காலரியில். 'ஆல்ப்ஸில் வசந்தம்' ஓவியத்தை லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகம் 2019-இல் வாங்கியது. நண்பகல் ஓவியத்தின் 1892 வடிவம் ஜப்பானில், குராஷிகி நகரின் ஓஹாரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மவர்களுக்குச் சில சமயம் அது ஐரோப்பாவைவிடக் கைக்கெட்டும் தூரம்.

அவர் இறந்த குடிசைக்கு நடந்து போக முடியுமா?

போகலாம். முவோத்தாஸ் முராய்ல் வரை கேபிள் ரயில் இருக்கிறது. அங்கேயே 2,456 மீட்டர். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் 2,731 மீட்டரில் செகன்டினி குடிசை வரும். கோடையில் மட்டுமே பாதை சரியாக இருக்கும். நடக்க முடியாதவர்கள் முவோத்தாஸ் முராய்லிலேயே நின்று ஏரிகள் இருக்கும் தென்மேற்குப் பக்கம் பார்க்கலாம். போவதற்கு முன்பே 'இயற்கை' ஓவியத்தை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அடிவானத்தில் எந்தச் சிகரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.